எடை சரியாக இருந்த வண்டி

எங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவர் பழைய மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டுமென்றால் பதினெட்டு விதிகளைத் தாண்டி வர வேண்டும். புதிது வாங்குகிறவருக்கு ஒரு விதியும் கிடையாது. அவர் பாட்டுக்கு வாங்கிக்கொண்டு வந்து மர நிழலில் நிறுத்தலாம். இந்தப் பதினெட்டையும் உட்கார்ந்து எழுதிய மேதாவி யார் என்று சக ஊழியர்கள் யாரும் கேட்டதில்லை. கேட்காததால் நானும் சொன்னதில்லை. நான்தான்.

எங்களுடையது கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை போடும் அலுவலகம். அங்கே நான் கடிதம், சுற்றறிக்கை, எச்சரிக்கைப் பலகை ஆகியவற்றுக்கு வாசகம் எழுதுகிறவன். பதினோரு வருடத்துக்கு முன்னால் யாருடைய பழைய வண்டியோ சொட்டவிட்ட எண்ணெயில் மேலதிகாரி ஒருவர் வழுக்கி விழுந்தார். விழுந்தது விருந்தாளிகள் முன்னிலையில் என்பதால் விதி தேவைப்பட்டது. கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு வண்டி கிடையாது, ஓட்டவும் தெரியாது. அதனால நீங்க எழுதினா நடுநிலையா இருக்கும்" என்றார்.

என் அறியாமையை ஒரு தகுதியாக மதித்த முதல் மனிதர் அவர். நான்கு நாள் சரியாகச் சாப்பிடாமல் எழுதினேன். பழைய வண்டி வாங்கும் ஊழியர், மூன்று பேர் கொண்ட ஒரு குழுவிடம் முன்கூட்டியே தகுதிச் சான்று பெற வேண்டும். நான்காம் விதி: வளாகத்துக்குள் எக்காரணம் கொண்டும் இன்ஜினைக் கிளப்பக் கூடாது. ஒன்பதாம் விதி: வண்டியை அலுவலகத்தில் ஏற்கெனவே உள்ள கருவிகளைக் கொண்டு மட்டுமே சோதிக்க வேண்டும். இது செலவைக் குறைக்க. பதின்மூன்றாம் விதி: ஓர் ஊழியருக்கு ஒரு சான்று, அடுத்தது ஐந்து வருடம் கழித்து. எழுதி முடித்து மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ஏழாம் விதியில் தூங்கிவிட்டாள்.

'எக்காரணம் கொண்டும்' என்பது எனக்கு மிகவும் பிடித்த சொல். அது வந்தால்தான் ஒரு விதிக்கு முதுகெலும்பு வந்த மாதிரி இருக்கும்.

பதினோரு வருடம் நிம்மதியாகப் போயிற்று. பிறகு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்த ஒரே பேருந்தை நிறுத்திவிட்டார்கள்.

மனைவிக்குச் சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டும் வேலை. எட்டு மணி நேரமும் மேஜைக்கு முன்னால் நின்றபடியே வெட்ட வேண்டும். பேருந்து நின்ற பிறகு போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம் நடந்தாள். என் அலுவலகம் அதே சாலையில் பாதி வழியில் இருப்பதால் நானும்தான் நடந்தேன். ஆனால் நான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவன். சாயங்காலம் வந்ததும் அவள் வாளியில் வெந்நீர் ஊற்றிக் கால் இரண்டையும் வைத்துக்கொள்வாள். கெண்டைக்கால் வீங்கிக் கல் மாதிரி இருக்கும். ஒரு வார்த்தை முனகியிருந்தால்கூட நான் தைரியமாகச் சண்டை போட்டிருப்பேன். அவள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது என்னை என்னவோ செய்தது.

"ஒண்ணாந்தேதிக்குள்ள ஒரு பழைய வண்டி வாங்கிடறேன். தினமும் நானே கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வரேன்" என்றேன்.

"உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியாதே?"

"கத்துக்கறேன்."

துணியை வெட்டுவதற்கு முன் அது எவ்வளவுக்குத் தேறும் என்று பார்ப்பாளே, அப்படி ஒருமுறை என்னைப் பார்த்தாள்.

அவளுடைய தம்பி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு காலி மைதானத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். நாற்பத்தேழு வயதில் கிளட்சை விடுவது என்பது வேலையை ராஜினாமா செய்வது போன்றது. விட மனமே வராது. விட்டால் வண்டி துள்ளி நின்றுவிடும். ஒருமுறை கோல் கம்பத்தில் மோதிவிட்டுக் கம்பத்திடம் மன்னிப்புக் கேட்டேன். தண்ணீர் கொண்டுவந்த மனைவியைத் தம்பி விளையாட்டாக ஏற்றிவிட்டான். அவள் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, கிளம்பிய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் சுலபமாக இருக்கும், போகப் போகத்தான் கஷ்டம் தெரியும் என்று அவளுக்கு விளக்கினேன். எனக்கு மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் கிடைத்தது.

"புதுசா ஓட்டறவங்களுக்கு வெயிட் கம்மியான வண்டிதான் சரி, மாமா" என்றான் மைத்துனன். "உக்காந்தா ரெண்டு பாதமும் தரையில முழுசா படணும். காலையில இன்ஜின் சூடாகறதுக்கு முன்னாடி போய் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. ஒரு தடவையில கிளம்புதா, புகை என்ன கலர்ல வருதுன்னு பாருங்க. செயின், டயர், பேப்பர் எல்லாம் பாருங்க. அவ்ளோதான்."

நான் அதை எண் போட்டு, உட்பிரிவு போட்டுக் குறித்துக்கொண்டேன்.

"என்ன மாமா, பத்திரமா எழுதறீங்க?" என்று சிரித்தான்.

அவனே ஒரு வண்டியும் பார்த்து வைத்திருந்தான். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவருடையது. ஏழு வருடப் பழசு, பள்ளிக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடியது. கன்னத்தைக் கிள்ளலாம் போல அப்படிச் சுத்தமாக வைத்திருந்தார். விடியற்காலையில் போய் ஸ்விட்சை அழுத்தினோம். அழுத்தின கையை எடுப்பதற்குள் கிளம்பியது. உட்கார்ந்தேன், என்னுடைய இரண்டு குட்டைக் கால்களும் தரையில் படிந்தன. விலையும் என் கைக்கு அடக்கம்.

"கண்ணை மூடிட்டு வாங்குங்க மாமா."

"குழு பார்க்கணும்பா."

"வண்டி வாங்கறது நீங்களா, குழுவா?"

அவனுக்கு விதிகளின் நோக்கத்தைப் பத்து நிமிடம் எடுத்துச் சொன்னேன். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

மூன்று நகல்களில் விண்ணப்பம் எழுதினேன். ஒன்றாம் தேதி வந்தது, போயிற்று. மறுமாத நடுவில்தான் குழு கூடியது. தலைவர் கண்காணிப்பாளர். உறுப்பினர்கள், எடையாளர் ஒருவர், கணக்குப் பிரிவு அம்மையார் ஒருவர். மூன்று பேருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. அதுவும் என் விதிதான், நடுநிலை.

மைத்துனன் வண்டியை ஓட்டிக்கொண்டே வளாகத்துக்குள் வந்துவிட்டான். காவலாளி உடனே பதிவேட்டில் எழுதினார். வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் மேடைத் தராசில் ஏற்றினார்கள். எங்களிடம் இருக்கிற கருவி அது ஒன்றுதானே. எடையாளர் முள்ளையே உற்றுப் பார்த்தார். வண்டிப் புத்தகத்தில் போட்டிருந்த எடை நூற்றொன்பது கிலோ. தராசு காட்டியது நூற்றுப் பதினெட்டு.

"ஒம்பது கிலோ அதிகம்" என்றார் எடையாளர், கையும் களவுமாகப் பிடித்த குரலில்.

"டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கு சார். சேறு வேற கொஞ்சம் ஒட்டியிருக்கு" என்றான் மைத்துனன்.

"பெட்ரோல் புத்தகத்துல இல்லையே தம்பி" என்றார் கண்காணிப்பாளர். "சொந்த எடையிலயே பொய் சொல்ற வண்டி, ரோட்டுல எப்படி யோக்கியமா நடந்துக்கும்?"

"ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார், தெரிஞ்சுடும்."

"ஸ்டார்ட்டா? விதி நாலு! 'வளாகத்துக்குள் எக்காரணம் கொண்டும்...'"

"ஸ்டார்ட் பண்ணாம வண்டி நல்லாருக்கான்னு எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?"

கண்காணிப்பாளர் பரிவோடு சிரித்தார். "இருபத்தெட்டு வருஷமா ஆயிரக்கணக்கான தராசைப் பார்த்திருக்கேன். ஒண்ணையாவது ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருப்பேனா?"

நான் அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பயம் மட்டும் காரணம் இல்லை, அதைவிடக் கேவலமான காரணம் ஒன்று உண்டு. என் நான்காம் விதியை ஒரு மனிதர் புத்தகத்தைப் பார்க்காமல், ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தப் புல்லரிப்பு அடங்குவதற்குள் வண்டியை நிராகரித்துவிட்டார்கள்.

வீட்டில் மனைவி வாளியில் கால் வைத்தபடி, "முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"ஒம்பது கிலோ அதிகமாம்."

"யாரு?"

"வண்டி."

அவள் வெந்நீரில் இன்னொரு செம்பு ஊற்றிக்கொண்டாள்.

அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் ஒரு தரகர் எப்போதும் நிற்பார். என் முகத்தைப் பார்த்ததும் தானாக வந்தார்.

"உங்க ஆபீஸ்ல பாஸாகற வண்டி வேணுமா, ஓடற வண்டி வேணுமா?"

நகைச்சுவையாகப் பேசுகிறார் என்று நினைத்து வயிறு குலுங்கச் சிரித்தேன். "பாஸானாப் போதும்" என்றும் சொல்லித் தொலைத்தேன். "காசை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல பாஸாகட்டும்" என்றார் அவர். இவ்வளவு நாணயமான மனிதரா என்று வியந்தேன்.

இருபது நாள் கழித்து அந்த வண்டி ஒரு சிறு லாரியில் துணி போர்த்தி வந்து இறங்கியது. யாரும் கிளப்பவில்லை, நான்காம் விதிக்கு அவ்வளவு மரியாதை. துணியை விலக்கியதும் கண் கூசியது. தராசில் ஏற்றினார்கள். வண்டிப் புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டு கிலோ. தராசிலும் நூற்றுப் பன்னிரண்டு, ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. எடையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கணக்குப் பிரிவு அம்மையார் கைதட்டிவிட்டார்.

"இப்படி ஒரு நேர்மையான வண்டியை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல" என்றார் கண்காணிப்பாளர். அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. "நூத்துக்கு நூறு குடுக்கலாம். ஆனா தணிக்கையில கேள்வி வரும். தொண்ணூத்தெட்டு போடுங்க."

சான்று தட்டச்சாகி, முத்திரை விழுந்து, நிறுத்துமிடம் எண் ஆறு என் பெயரில் பதிவாகிவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தரகருக்குப் பணம் கொடுக்கும் முன் ஒரு பார்வை பார்க்கட்டும் என்று மைத்துனனை வரச்சொன்னேன். அவன் வண்டியை வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டுபோய் ஸ்விட்சை அழுத்தினான். சத்தமே இல்லை. காலால் உதைத்தான்.

"காத்துல உதைக்கற மாதிரி போகுதே மாமா. உள்ள பிஸ்டனே இல்ல போலிருக்கு."

டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டான், மணல். சீட்டைத் தூக்கினான். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து கிலோ எடைக்கற்கள் இரண்டு, சணல் கயிற்றால் பக்குவமாகக் கட்டப்பட்டிருந்தன. இரண்டிலும் எங்கள் அலுவலக முத்திரை இருந்தது.

ஆளுக்கு ஒரு கல்லாக நானும் காவலாளியும் சுமந்துகொண்டு கண்காணிப்பாளர் அறைக்குப் போனோம். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து முத்திரையை நிதானமாகப் பார்த்தார்.

"இந்த வருஷ முத்திரைதான். எடையும் சரியாத்தான் இருக்கும். இதுல என்ன குறை கண்டீங்க?"

"வண்டி ஓடாது சார்."

"ஓடும்னு நாங்க எங்கயாவது எழுதியிருக்கோமா?" சான்றை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "'நிறுத்தத் தகுதியானது.' அவ்வளவுதானே இருக்கு? நீங்கதானே இந்த வாசகத்தையும் எழுதினீங்க? புதுசா ஓட்டக் கத்துக்கிட்டவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வண்டி உலகத்துல உண்டா? பதினோரு வருஷமா சான்று குடுக்கறோம். நாங்க சான்று குடுத்த வண்டி ஒண்ணுகூட இதுவரைக்கும் விபத்துல மாட்டினதில்ல. வேற எந்த ஆபீஸாவது இப்படிச் சொல்ல முடியுமா?"

வெளியே வந்து ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிட்ட இடங்களில் நின்ற வண்டிகளை முதன்முறையாகக் கிட்டப்போய்ப் பார்த்தேன். டயர்கள் தரையோடு சப்பிக் கிடந்தன. மூன்றாவது வண்டியின் சக்கரத்துக்குள் ஒரு கொடி புகுந்து மேலேறி ஹாண்டிலில் பூத்திருந்தது. அவற்றின் சொந்தக்காரர்கள், நான் வருவதற்கு முன்பே வந்து நான் போன பிறகு போகிற கடமை வீரர்கள் என்று பதினோரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவை பத்தடி தூரம்தான்.

திரும்பிப் போய், "வேற வண்டிக்கு விண்ணப்பம் போடறேன் சார்" என்றேன்.

"விதி பதிமூணு. அஞ்சு வருஷம்."

"நான் இதை இன்னும் வாங்கவே இல்லையே சார்."

"வாங்கறதும் வாங்காததும் உங்க சொந்த விஷயம். பதிவேட்டுல வண்டி இருக்கு."

"விலக்கு ஏதாவது..."

"நானும் தேடிப் பார்த்தேன். ஒரு சந்து பொந்து இல்ல. அப்படிக் கெட்டியா எழுதியிருக்கீங்க." கைகுலுக்கினார். நான் நன்றி சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அன்று வீட்டுக்குப் போக வெட்கமாக இருந்தது. என் வாக்கை நம்பி மூன்று மாதம் அவள் நடந்திருக்கிறாள். நான் அந்த மூன்று மாதத்தில் செய்ததெல்லாம் மூன்று நகல் எடுத்ததுதான். வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மணல், பிஸ்டன், எடைக்கல், ஐந்து வருடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒவ்வொரு காலாக எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இந்த விதியெல்லாம் உங்க ஆபீஸ்ல வேலை பாக்கறவங்களுக்குத்தானே?"

"ஆமா."

"நான் உங்க ஆபீஸ்ல வேலை பாக்கலையே."

பதினெட்டு விதிகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஊழியர் இருந்தார், ஊழியரின் வண்டி இருந்தது, ஊழியரின் தலைக்கவசம் வைக்கும் கொக்கிகூட இருந்தது. எங்கேயும் மனைவி இல்லை.

"ஆனா உனக்கு லைசென்ஸ்..."

"வாங்கிட்டேன். தம்பிதான் கூட்டிட்டுப் போனான்."

"எப்போ?"

"நீங்க நகல் எடுத்துட்டு இருந்தப்போ."

முதல் முயற்சியிலேயே வாங்கியிருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் ஓவிய ஆசிரியர் வீட்டுக்குப் போனோம். வண்டி இன்னும் அங்கேயேதான் நின்றது. வருகிறவர்களிடமெல்லாம், "ஒரு ஆபீஸ்ல இதை வேண்டாம்னுட்டாங்க" என்று அந்த நல்ல மனிதர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். மனைவி உட்கார்ந்து பாதம் படிகிறதா என்று பார்த்தாள். ஸ்விட்சை அழுத்தினாள், கிளம்பியது. இறங்கிப்போய்ப் புகையைப் பார்த்தாள், செயினை விரலால் அசைத்துப் பார்த்தாள், காகிதங்களைப் புரட்டினாள். ஒன்பது கிலோ அதிகம் என்று சொல்லி விலையையும் குறைத்தாள். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் ஆனது. அதில் ஐந்து நிமிடம், நான் ஆசிரியரிடம் விதிகளின் நோக்கத்தை விளக்கியது.

அதன்பிறகு வந்த நான்கு நாட்களும் என் வாழ்க்கையின் நல்ல நாட்கள். காலையில் அவள் ஓட்டுவாள், நான் பின்சீட்டில் சாப்பாட்டுப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அலுவலக வாசலில் என்னை இறக்கிவிட்டுவிட்டு அவள் பட்டறைக்குப் போவாள். காவலாளி அவளுக்கு மட்டும் சல்யூட் வைப்பார். வாளி குளியலறையில் கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஐந்தாம் நாள் கண்காணிப்பாளர் கூப்பிட்டார்.

"உங்களை ஏதோ வண்டி கொண்டுவந்து விடுதாமே? சான்று இருக்கா?"

"அது என் மனைவியோட வண்டி சார். அவங்க ஊழியர் இல்ல."

"அதைத்தான் சொல்றேன். விதியில இல்லாத ஒரு வண்டி நம்ம வாசல்ல வந்து நிக்குது, அதுவும் இன்ஜின் ஓடிட்டே. நீங்க எழுதினதுல ஒரே ஒரு ஓட்டை இருந்திருக்கு. அதை நீங்கதான் அடைக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "உங்களை விட்டா இந்த ஆபீஸ்ல எழுத யாரு இருக்கா?" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் இல்லாமல் இருந்திருந்தால் நான் மறுத்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. மேஜைக்கு வந்து, வேண்டுமென்றே நெகிழ்வாக, ஒரு யானை நுழைகிற மாதிரி ஓட்டை வைத்து எழுதுவது என்று முடிவு செய்தேன். பேனாவைத் திறந்தது வரைக்கும்தான் அந்த முடிவு நின்றது. 'மழை நேரம் நீங்கலாக' என்று ஒரு சலுகை போட்டேன்; வாசகம் தளர்ந்தது; அடித்தேன். வாசலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் என்றுதான் கண்காணிப்பாளர் சொல்லியிருந்தார். ஐம்பது கம்பீரமாக இல்லை. இருநூறு ஆக்கினேன்.

திங்கட்கிழமை காலை, அலுவலகத்துக்குச் சற்றுத் தள்ளிச் சாலை ஓரத்தில் புதுப் பலகை நின்றது. எடையாளரே நாடா பிடித்து இருநூறு மீட்டரை அளந்து நட்டிருந்தார். மனைவி வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு வாசித்தாள்.

"'ஊழியர்களை ஏற்றி வரும் பிறர் வாகனங்கள் இவ்விடத்தைத் தாண்டி எக்காரணம் கொண்டும்...'"

அங்கே நிறுத்தினாள். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நான் சாப்பாட்டுப் பையின் வாரைச் சரிசெய்தேன். மீதியையும் வாசித்தாள். பதினோரு வருடத்தில் என் எழுத்தை அவள் தூங்காமல் கடைசிவரை வாசித்தது அன்றுதான்.

"நல்லாக் கெட்டியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள். "இறங்குங்க."

இறங்கினேன். அவள் பையை முன்னால் மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனாள். வண்டி துள்ளவே இல்லை. நான் நடந்தேன். இருநூறு மீட்டர் அப்படியொன்றும் தூரமில்லை. நாற்பது நிமிடம் நடந்தவளிடம் புகார் சொல்கிற அளவுக்கு நிச்சயமாக இல்லை. சாயங்காலமும் பலகைக்கு அருகே வந்து நிற்கும்படி சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

வாசலில் காவலாளி வழக்கம்போல் பதிவேட்டை நீட்டினார். சான்று பெற்றவர்கள் தினமும் காலையில் தங்கள் வண்டி வந்துவிட்டதா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது பதினைந்தாம் விதி. நிறுத்துமிடம் ஆறைப் பார்த்தேன். காவலாளி திரும்ப உள்ளே தள்ளி வைத்த, தரகர் எடுத்துப்போக வராத அந்த வண்டி வெயிலில் பளபளவென்று நின்றது. 'வந்துவிட்டது' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.